வெடிக்கு அசையாத குட்டி

மே மாத வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கக் கிளம்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். "மேடம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் போதும், ஸ்லைடு இருந்தா நல்லது" என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். ஸ்லைடு கிடையாது. கொஞ்ச நேரத்தில் முடியவும் முடியாது. அதனால் எழுதியே தருகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் மடித்து விசிறிக்கொள்ளலாம், ராஜபாளையம் வெயிலுக்கு அதற்காவது ஆகும்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. நம் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷமும் விலங்கியலுக்குப் போதுமான பிள்ளைங்க சேரலைன்னா கோர்ஸை நிறுத்திடலாம்னு இருக்கோம் மேடம்" என்றார். பெட்டிக்கடையை எடுத்துவிடலாம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆய்வகத்து ஃபார்மலின் வாடையில் என் இளமையே போயிருக்கிறது. கல்யாணப் பட்டுச்சேலையில்கூட அந்த வாடை அடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். முதல்வரோ ஷட்டரை இறக்கப் பார்க்கிறார்!

ஆனால் கோபப்பட்டு என்ன பயன்? விலங்கியல் என்றால் டாக்டர் சீட்டுக் கிடைக்காத பிள்ளைகள் ஒதுங்குகிற இடம் என்று ஊரே முடிவு செய்திருந்தது. மழைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்குவது மாதிரி. மழை விட்டால் ஓடிவிடுவார்கள்.

கிளம்பும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு துறைத்தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம், பெயரை எழுதினால் அதிலும் பிழை கண்டுபிடித்துத் திட்டுவார். பாராட்டு என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. நாங்கள் பிள்ளை சேர்க்கப் போகும்போது வாசலில் நின்றுகொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "ஆள் சேக்கணும்ங்கிறதுக்காக வாய்க்கு வந்ததச் சொல்லிட்டு வந்துராதீங்க. மூணு வருஷம் அந்தப் புள்ள மொகத்துலதான் நீங்க முழிக்கணும்." அவ்வளவுதான், உள்ளே போய்விடுவார். அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வருடம் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடங்களைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் மைக்கெல்லாம் வைத்து, பிளஸ் டூ பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்திருந்தார். நான் தொண்டை கிழியப் பேசினேன். மண்புழுவில் ஆரம்பித்துத் திமிங்கிலம் வரைக்கும் போனேன். பிறகு "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன்.

ஒரு பையன் எழுந்தான். "மேடம், விலங்கியல் படிச்சா என்ன வேலைக்குப் போலாம்?"

எதிர்பார்த்த கேள்விதான். மீன்வளம், வனத்துறை, ஆய்வகம், ஆசிரியர் வேலை என்று அடுக்கினேன்.

"நீங்க என்ன வேலைக்குப் போனீங்க மேடம்?"

"ஆசிரியர்."

"ஒங்க கூடப் படிச்சவங்க?"

யோசித்துப் பார்த்தேன். "அவங்களும் ஆசிரியர்தான்."

"ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க?"

"ஏலே, உக்காருலே!" என்று தலைமையாசிரியர் மைக்கிலேயே கத்தினார். பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லி, ரெட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. "மேடம், காது கேக்காத நாய்க்குப் பொறக்குற குட்டிக்கும் காது கேக்காதா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன கேக்கணும்னு வெவஸ்தையே இல்லையா? உக்காரு!" என்றார் ஓர் ஆசிரியை.

நான் கையமர்த்திவிட்டு, "கேக்காமப் போகலாம், கேக்கவும் செய்யலாம்" என்றேன், பேராசிரியருக்குரிய கம்பீரத்தோடு.

"அது எனக்கே தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் முன்வரிசையைக் காட்டினார். "பாத்தீங்களா மேடம், நீங்க பேசும்போது ஆடாம அசையாம கேட்டாங்க. இவங்கதான் எங்க பள்ளிக்கூடத்துத் தங்கங்க. இவங்களச் சேத்துக்கோங்க." எனக்கும் ஆசைதான். அத்தனை தங்கங்களின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். கடைசி வரிசைப் பெண்ணுக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டு, பேர் கேட்டேன். கோதை என்றாள்.

ரிசல்ட் வந்த பிறகு தங்கங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். ஒரு தங்கம் "எந்தக் காலேஜ் மேடம்?" என்றது. இன்னொன்று, "அன்னைக்கு வந்து செடிகொடியப் பத்திப் பேசுனீங்களே, நீங்களா?" என்றது. நான் வாய் திறந்து ஒரு செடியின் பேரைக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தங்கத்தின் அம்மா, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

கோதைதான் அவளாகவே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "மேடம், எங்க மாமா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பி.காம். அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துட்டாரு. நாளைக்குக் கொண்டு போய்க் குடுக்கப் போறாவ. எனக்கு ஜூவாலஜிதான் படிக்கணும். நீங்க இன்னைக்கே வந்து அப்பாகிட்டப் பேசுங்க மேடம். நாய் இருக்கு, ஆனா ஒண்ணும் செய்யாது."

நாய் இருக்கு என்ற இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு நாய் என்றால் பயம். விலங்கியல் பேராசிரியை நாய்க்குப் பயப்படலாமா என்றால், நான் ஆராய்ச்சி செய்தது நத்தையைப் பற்றி. நத்தை குரைக்காது. துரத்தினாலும் நமக்கு நேரம் இருக்கும். ராஜபாளையம் நாயோ, ஆள் இடுப்பு உயரத்துக்கு, பால் வெள்ளையில், இளஞ்சிவப்பு மூக்கோடு நம்மை ஏற இறங்கப் பார்க்கும்.

இருந்தாலும் ஒரு அட்மிஷன். போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. செட்டியார்பட்டி எல்லையில் பெரிய வீடு, பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற தறிப்பட்டறை. ஆட்டோக்காரர் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். "நான் இங்கனயே நிக்கேன் மேடம். நீங்க போயிட்டு வாங்க" என்றார். போயிட்டு வாங்க என்று அவர் சொன்ன தொனி, திரும்பி வருவேன் என்ற நம்பிக்கையில் சொன்னது மாதிரித் தெரியவில்லை.

கேட்டைத் திறந்தால் வாசல் நடுவில் அந்தப் பிராணி, எனக்குப் பக்கவாட்டைக் காட்டியபடி படுத்திருந்தது. கையிலிருந்த குடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நல்ல பையன்ல... ராசால்ல... அத்தைய ஒண்ணும் செய்யக் கூடாது, என்ன" என்று பேசிக்கொண்டே நடந்தேன். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு வருடம் விலங்கியல் கற்பித்த குரலுக்கு ஒரு மதிப்பு இல்லாமலா போகும்! பாதி முற்றத்தைத் தாண்டியபோது வீட்டுக்குள்ளிருந்து கோதை வந்தாள்.

"மேடம், அவனுக்குக் காது கேக்காது. நீங்க பேசுனது ஒண்ணும் தெரியாது. ஆனா வாசன தெரியும்" என்றாள். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, "செத்த வேகமா வாங்க மேடம்" என்றாள்.

அப்படி ஓர் ஓட்டம் நான் பள்ளிக்கூட நாளிலும் ஓடியதில்லை. உள்ளே போய் விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தால் அந்த நாய் எழுந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கோதையின் அப்பா நல்ல மனிதர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால், எதிரே உட்கார்ந்திருக்கும் என்னிடம் பேசுவது தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரருக்கும் கேட்கும். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். நாய்களிடம் மட்டும் சுத்தத் தெலுங்கு. தறியோடு நாய்க்குட்டி வளர்த்து விற்பதும் உண்டு, கொல்லையில் குட்டிகள் கத்துவது கேட்டது. கோதையின் அம்மா ஒரு தட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கொண்டு வந்து வைத்தார். பி.காம். விண்ணப்பத்தோடு மாமா வாங்கி வந்ததாம். எதிரியின் பால்கோவா என்று தெரிந்தும் நான் சாப்பிட்டேன்.

"ஜூவாலஜி படிச்சு என்ன மேடம் செய்ய? தவக்களைய அறுக்கவா?" என்றார்.

"இப்பல்லாம் தவளைய அறுக்கறதில்லைங்க. நிறுத்தியாச்சு."

"அதுவும் இல்லையா? அப்ப என்னதான் செய்வீய?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையப் பால்கோவா. அதற்குள் அவரே தொடர்ந்தார். "பட்டறைக்கு ஜி.எஸ்.டி. பாக்க ஆளில்ல மேடம். இவ பி.காம். முடிச்சா வீட்லயே இருந்து பாத்துக்கிருவா. நாளைக்குப் போய்க் குடுத்துட்டு வந்துருவோம்." முடிவு செய்துவிட்ட குரல். கோதை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  "குட்டிகளப் பாக்கலாமா?" என்று கேட்டுவைத்தேன், அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று.

கொல்லையில் ஒரு கொட்டகைக்குள் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. அந்த அளவில் இருந்தால் நாயைக்கூட எனக்குப் பிடிக்கிறது. கோதை ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் கூழாங்கல்லைப் போட்டு மூடி வைத்திருந்தாள். குட்டிகள் தூங்கட்டும் என்று காத்திருந்து, பின்பக்கமாகப் போய், தரையை மிதிக்காமல் ஒரு கல்லின் மேல் நின்று, அதைக் குலுக்கினாள். எல்லாக் குட்டியும் தலையைத் தூக்கின. அதிலேயே பெரியதும், ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளையுமான ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது.

"கல்லு மேல ஏன் நிக்க?" என்று கேட்டேன்.

"தரை அதிர்ந்தா முழிச்சிரும் மேடம். அப்பொறம் காதால முழிச்சதா, காலால முழிச்சதான்னு தெரியாது."

என்னிடம் எம்.எஸ்சி. படித்த பிள்ளைகளுக்கே இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். 

"வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"தறி ஓடுற வீட்ல யாரு கூப்பிட்டாலும் யாரும் திரும்ப மாட்டாங்க மேடம். நாய் திரும்பலன்னு யாரு பாப்பா? ஞாயித்துக்கிழமையும் கரண்ட் போன நேரமும்தான் நான் பாப்பேன்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "எங்க வீட்ல குட்டி வாங்க வாரவங்களுக்கு முன்னால ஒரு வெடி போடுவாங்க. எங்க பூட்டன் காலத்து வழக்கம். எல்லாக் குட்டியும் ஓடும். அசையாம இருக்கதுதான் வீரன்னு அதத்தான் எடுப்பாங்க. இனத்துக்கும் அதத்தான் விடுவாங்க. வாசல்ல கெடக்கானே, வீரா, அவனும் அப்பிடி எடுத்ததுதான். அவனோட குட்டிதான் இம்புட்டும். செவிடத் தேடித் தேடி எடுத்தா செவிடு கூடாம என்ன செய்யும்? எங்க அப்பாகிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு மேடம். வீரான்னா அவருக்கு உசுரு."

 முற்றிலும் வெள்ளையான பிராணிகளுக்குச் சில சமயம் பிறவியிலேயே காது கேட்பதில்லை என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் வெடி வைத்து வெடி வைத்து அதை வளர்த்துக்கொண்டிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து குட்டி வாங்க வந்தவர். தோட்டத்துச் சொந்தக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "ஏனுங்க, என்ர தோட்டத்துக்குக் காவலுக்கு வேணுங்க. பயந்தாங்கொள்ளியக் குடுத்துப்போடாதீங்க" என்றார். கோதையின் அப்பாவுக்குச் சவால் விட்டதுபோல ஆகிவிட்டது. "வீரா குட்டி சார்! தளவாய்புரம் ரோட்டுல லாரி டயர் வெடிச்சு ஊரே ஓடுது, வீரா படுத்த எடத்த விட்டு எந்திரிக்கல. தீவாளிக்கு ஊரு நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில. இவன் புஸ்வாணத்துக்குப் பக்கத்துல ஒறங்குதான்!" என்றார். நான் கோதையைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

குட்டிகளை முற்றத்தில் விட்டார்கள். கோதையின் அப்பா ஓர் ஓலை வெடியைப் பற்ற வைத்துத் தூரப் போட்டார். வெடித்ததும் குட்டிகள் நாலா பக்கமும் சிதறின. நானும் சிதறினேன். சுதாரித்துப் பார்த்தபோது நான் துணி துவைக்கிற கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன், விடாமல் கையோடு கொண்டு வந்திருந்த பால்கோவாத் தட்டு பத்திரமாக இருந்தது. அந்த வெள்ளைக் குட்டி மட்டும் நடு முற்றத்தில் உட்கார்ந்து தன் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

"இதுதானுங்க! இதுதானுங்க வேணும்!" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

கோதையின் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பெருமை உச்சிக்கு ஏறியபோதுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது. "சார், நான் சொன்னா என் குட்டின்னு சொல்லுதேன்னு நெனப்பீய. இந்தா இருக்காங்க, காலேஜ்ல ஜூவாலஜி புரொபசர். மேடம், நீங்களே சொல்லுங்க, குட்டி எப்பிடி?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லின் மேல் நின்றேன்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "நல்ல குட்டி" என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் அன்றே கோதையை என்னோடு அனுப்பிவிடுவார், அவ்வளவு குளிர்ந்திருந்தார். எனக்கு ஒரு பிள்ளை கிடைக்கும், துறை பிழைக்கும். "செவிட்டுக் குட்டி" என்று இரண்டு வார்த்தை சொன்னாலோ, வெளியூர் ஆளுக்கு முன்னால் அவர் மானம் போகும், நாளைக் காலையில் பி.காம்.தான். கோதையும் அப்பனைக் காட்டிக்கொடுத்த பெண் ஆவாள். கதவோரம் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று வேடிக்கை பார்த்தாள், கல்லின் மேல் நின்று சிரட்டையைக் குலுக்கிவிட்டுக் குட்டியைப் பார்த்தாளே, அதே பார்வை. மூன்று வருடம் இந்த முகத்தில் எப்படி முழிப்பேன்? திட்டுவதற்கென்றே பிறந்த அந்தத் துறைத்தலைவர் அப்போதுதான் எனக்குப் புரிந்தார்.

"அருமையான குட்டி" என்றேன். கோதையின் முகம் வாடியது. "ஆனா வெடி சத்தத்துக்குப் பயப்படலன்னுதான் பாத்திருக்கோம். தோட்டத்துல திருடன் வெடி போட்டுக்கிட்டா வருவான்? சத்தமில்லாமத்தான் வருவான். சத்தமில்லாத ஒண்ணுக்கும் பயப்படுதான்னு பாத்துருவோம். கோதை, என் குடைய எடும்மா."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குட்டிக்கு நேரே நின்று, சத்தம் வராமல் மெதுவாக விரித்தாள்.

வீரனின் வாரிசு ஊளையிட்ட ஊளை இருக்கிறதே! ஒரு குட்டிக்கரணம் அடித்து, கோயம்புத்தூர்க்காரரின் வேட்டிக்குள் புகுந்து, மறுபக்கம் வந்து, காருக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க இது, வெடிக்குப் பயப்படல, குடைக்குப் பயப்படுது!" என்றார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கோதையின் அப்பா சிரிக்கவில்லை. காருக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த குட்டியைக் குனிந்து பார்த்து, "ரா, ரா" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. தறிக்காரர் குரலில் கத்தினார். திரும்பவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"கேக்காதுப்பா" என்றாள் அவள்.

அவர் நேரே வீராவிடம் போனார். அதன் தலைமாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வீரா, இக்கட ரா" என்றார். பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைக்கிற அளவுக்குக் கூப்பிட்டார். வீரா தூங்கிக்கொண்டிருந்தான்.

"லாரி டயர் வெடிச்சப்ப..." என்று ஆரம்பித்தார்.

"கேக்கலப்பா."

"தீவாளிக்கு..."

"அதுவும் கேக்கலப்பா" என்றாள் கோதை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவர் அப்படியே வீராவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். அது கண்ணை விழித்து அவர் கையை நக்கியது.

செத்த நேரம் கழித்து எழுந்து வந்து, "மன்னிக்கணும் சார். இந்தக் குட்டிய விக்கல" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் ஏமாற்றத்தோடு நின்றார். அப்போது கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு விறகுக்குப் பின்னாலிருந்து வேறொரு குட்டியைத் தூக்கி வந்தாள். அதன் நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. "சார், வெடிச்சதும் மொத ஓடுனது இதுதான். காது ரொம்ப நல்லாருக்கு. தோட்டத்துல எல பெறண்டாலும் இதுக்குக் கேக்கும்" என்றாள். அவர் குட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரிங்கம்மிணி, பயந்த குட்டியே குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டு வரலாற்றில் பயந்த குட்டி விலை போனது அதுதான் முதல் தடவையாம்.

கார் போன பிறகு கோதையின் அப்பா என்னிடம், "வெயில் ஏறுது, கெளம்புங்க மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோவில் ஏறித் திரும்பினேன். துறையின் ஷட்டரை என் கையாலேயே இறக்கிவிட்டு வந்ததாகத்தான் நினைத்தேன். குடையை மறந்துவிட்டு வந்திருந்தேன். போய் வாங்கத் தைரியம் இல்லை.

சேர்க்கை முடிகிற நாள் மத்தியானம் அவர் கல்லூரிக்கு வந்தார், பின்னால் கோதை. என் மேஜை மேல் குடையை வைத்தார். துணியெல்லாம் கிழிந்து கம்பியாக இருந்தது. "குட்டி பழி வாங்கிட்டான் மேடம்" என்றார். வழக்கமான குரல்தான். மூன்று அறை தள்ளி இருந்த முதல்வர் எட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒங்க மேல எனக்குக் கோவம்தான்" என்றார். "ரெண்டு நாளு ஒறக்கமில்ல. பொறவு யோசிச்சேன். நல்ல குட்டின்னு மட்டும் சொல்லிட்டு நீங்க நிறுத்திருந்தா, குட்டியும் வெல போயிருக்கும், இவ சீட்டும் அன்னைக்கே ஒங்களுக்கு வந்திருக்கும். நிறுத்தலியே நீங்க. பூட்டன் காலத்துல இருந்து நல்ல காது உள்ளதெல்லாம் பயந்தாங்கொள்ளின்னு தள்ளிட்டோம். கேக்காததெல்லாம் வீரன்னு வச்சுக்கிட்டோம். இது எம்மவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்திருக்கா." மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஜி.எஸ்.டி. பாக்க ஆளு கெடைப்பாங்க மேடம். இதப் பாக்க எனக்கு வேற யாரு இருக்கா? ஜூவாலஜியே போடுங்க."

நான் முதல்வரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காதவர்போல உள்ளே போய்விட்டார். கோதையைப் பார்த்து, அவள் தோழி தளவாய்புரத்துப் பெண் ஒருத்தியும் சேர்ந்தாள். அப்படி இப்படி என்று வகுப்பு தேறிவிட்டது. அந்த வருடம் ஷட்டர் இறங்கவில்லை. அந்த வெள்ளைக் குட்டியைக் கோதை கைச்சைகையிலேயே பழக்கி எடுத்தாள். சைகை காட்டினால் உட்காரும், எழும், வரும். இனத்துக்கு மட்டும் விடக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இதோடு முடித்தால் நான் ஏதோ சாமர்த்தியசாலி மாதிரித் தெரியும். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புகள் தொடங்கிய முதல் வாரம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் உயிரினங்களை வகைப்படுத்துவதைப் பற்றி ஒரு மணி நேரம் விடாமல் பேசினேன். ஒரு இருமல் இல்லை, ஒரு கேள்வி இல்லை. மனம் நிறைந்துபோய் ஆசிரியர் அறைக்கு வந்து, "இந்த வருஷப் பிள்ளைங்க தங்கம்! ஆடாம அசையாம என்னமா கேக்குதுங்க!" என்று சக ஆசிரியைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவேட்டை எடுத்துப் போக வந்த கோதை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவள், திரும்பினாள்.

"குடைய விரிச்சுப் பாத்தியளா மேடம்?" என்றாள்.